கதிர்வீச்சு உடலை என்ன செய்கிறது? எண்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

கதிர்வீச்சுக் கசிவு என்று செய்தி வந்தால் கூடவே ஓர் எண்ணும் வரும். ஒரு செய்தியில் 'லட்சம் பெக்கரல்' என்றிருக்கும், இன்னொன்றில் '2 மில்லிசீவர்ட்', மூன்றாவதில் 'வழக்கத்தைவிட 20 மடங்கு'. மூன்றும் ஒரே சம்பவத்தைப் பற்றியதாகவே இருக்கலாம். எது பெரிது, எது சிறிது என்று படிப்பவருக்குப் பிடிபடாது. கடைசியில் சிலருக்கு எல்லாமே செர்னோபில் அணு உலை விபத்தாகத் தெரிகிறது, சிலருக்கு எல்லாமே வீண் பீதியாகத் தெரிகிறது. நடுவே இருக்கும் கணக்கு அப்படியொன்றும் கடினமில்லை.

எந்தக் கதிர்வீச்சு?

வெளிச்சம், ரேடியோ அலை, மொபைல் சிக்னல் எல்லாமே கதிர்வீச்சுதான். இவற்றுக்கும் எக்ஸ்-ரேவுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் ஒன்றுதான்: அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் தெம்பு அந்தக் கதிருக்கு இருக்கிறதா? இருந்தால் அது அயனியாக்கும் கதிர்வீச்சு. மைக்ரோவேவ் அடுப்பின் அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது சூடாக்கும், அவ்வளவுதான். செல்போன் டவர் பற்றிய சர்ச்சை வேறு சர்ச்சை. இந்தக் கட்டுரை முழுக்க அயனியாக்கும் கதிர்வீச்சைப் பற்றியது. அதில் நான்கு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. ஆல்ஃபா: கனமான துகள். ஒரு தாளைக்கூடத் தாண்டாது. தோலின் மேலடுக்கிலேயே நின்றுவிடும். ஆனால் மூச்சோடோ சாப்பாட்டோடோ உள்ளே போய்விட்டால் இதைவிட மோசமானது இல்லை. 2006இல் லண்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி அலெக்சாண்டர் லித்வினென்கோ மூன்றே வாரத்தில் இறந்தது, தேநீரில் கலந்திருந்த பொலோனியம்-210 வெளியிட்ட ஆல்ஃபா துகள்களால்தான்.

2. பீட்டா: வேகமான எலக்ட்ரான். தோலுக்குள் சில மில்லிமீட்டர் போகும், தீக்காயம் போலப் புண்ணாக்கும்.

3. காமா, எக்ஸ்-ரே: உடலை ஊடுருவி மறுபக்கம் போகும். தடுக்க ஈயமோ தடித்த கான்கிரீட்டோ வேண்டும்.

4. நியூட்ரான்: அணு உலைக்குள்ளும் அணுகுண்டிலும் வெளிப்படுவது. சாதாரண வாழ்க்கையில் பெரும்பாலும் எதிர்ப்படாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உடலில் கதிர் படுவது வேறு, கதிரியக்கப் பொருள் உடலில் ஒட்டிக்கொள்வது வேறு. எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவரிடமிருந்து கதிர் எதுவும் வராது. விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதைப் போல அது அங்கேயே முடிந்துவிடுகிறது. கதிரியக்கத் தூசி உடையிலோ கையிலோ ஒட்டியிருந்தால் மட்டுமே அது அடுத்தவருக்குப் பரவும். அப்போதும் உடையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் குளித்தால் பெரும்பகுதி போய்விடும்.

மூன்று அலகு, மூன்று கேள்வி

பெக்கரல் என்பது ஒரு பொருளில் ஒரு விநாடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்ற எண்ணிக்கை. ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஒரு சிதைவு. இது பொருளைப் பற்றிய அளவு, மனிதரைப் பற்றியது அல்ல. வளர்ந்த ஒருவரின் உடலில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம்-40 மட்டுமே 4,000 பெக்கரலுக்கு மேல் வரும். பேருந்தில் 25 பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடல்களில் மட்டும் லட்சம் பெக்கரல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'லட்சம் பெக்கரல்' என்று மட்டும் சொல்லும் தலைப்பு நமக்கு எதையும் சொல்லவில்லை. எந்தத் தனிமம், உள்ளே போனதா வெளியே இருந்ததா என்பதும் தெரிய வேண்டும். அதே லட்சம் பெக்கரல் பொலோனியம்-210ஐ விழுங்கினால், பொட்டாசியம்-40ஐ விழுங்குவதைப் போல சுமார் 200 மடங்கு பாதிப்பு அளவு வரும்.

கிரே என்பது உடல் உள்வாங்கிய ஆற்றல்: ஒரு கிலோ திசுவுக்கு ஒரு ஜூல். இது விசித்திரமான அலகு. உடல் முழுக்க ஒரே நேரத்தில் சுமார் 4 கிரே பட்டால், சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது மொத்தம் 280 ஜூல். ஒரு டீஸ்பூன் சூடான பானத்தை விழுங்கினாலே உடலுக்கு அதைவிட அதிக வெப்பம் கிடைத்துவிடும். உடல் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். அப்புறம் ஆளைக் கொல்வது எது? ஆற்றலின் மொத்த அளவு அல்ல, அது போய் விழும் இடம். அதைப் பின்னால் பார்ப்போம்.

சீவர்ட் என்பது கிரேயை உடல்நலப் பாதிப்புக் கணக்காக மாற்றியது. காமா, எக்ஸ்-ரே, பீட்டா மூன்றுக்கும் ஒரு கிரே ஒரு சீவர்ட். ஆல்ஃபாவுக்கு 20ஆல் பெருக்க வேண்டும். அதோடு எந்த உறுப்பில் பட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஒரு சீவர்ட் என்பது 1,000 மில்லிசீவர்ட், அதாவது 10 லட்சம் மைக்ரோசீவர்ட்.

செய்திகளில் அடிக்கடி கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 'மணிக்கு இத்தனை மில்லிசீவர்ட்' என்பது வேகம். 'இத்தனை மில்லிசீவர்ட்' என்பது கடந்த தூரம். மணிக்கு 400 மில்லிசீவர்ட் உள்ள இடத்தில் ஒன்றரை நிமிடம் நின்றவருக்குக் கிடைத்தது 10 மில்லிசீவர்ட். எவ்வளவு நேரம் என்று சொல்லாத வேகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எவ்வளவு என்றால் எவ்வளவு?

1. பல் எக்ஸ்-ரே: ஒரு படத்துக்கு 0.01 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே.
2. மார்பு எக்ஸ்-ரே: 0.1 அல்லது அதற்கும் குறைவு.
3. இயற்கையிலிருந்து உலக மனிதருக்குச் சராசரியாக ஓர் ஆண்டில்: 2.4. மண், பாறை, விண்வெளி, உணவு எல்லாம் சேர்த்து. இதில் ஏறக்குறைய பாதி, நிலத்திலிருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் ரேடான் வாயுவால் வருவது. நுரையீரல் புற்றுநோய்க்கு புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணம் இந்த ரேடான்தான். அணு உலை பற்றி எழுதும் அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.
4. வயிற்று சி.டி. ஸ்கேன்: சுமார் 8 முதல் 10.
5. கதிர்வீச்சுச் சூழலில் வேலை செய்பவர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரை: ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. பொதுமக்களுக்கு, இயற்கையும் மருத்துவமும் போக, ஆண்டுக்கு 1.
6. சுமார் 100: இதற்குக் கீழே பாதிப்பு இருந்தாலும் புள்ளிவிவரத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது கடினம்.
7. குறுகிய நேரத்தில் 1,000: வாந்தி, ரத்த அணுக்கள் குறைதல் போன்றவை தெரியத் தொடங்கும்.

1 மில்லிசீவர்ட் என்ற வரம்பு ஆபத்து தொடங்கும் கோடு அல்ல. நிர்வாகம் தாண்டக் கூடாத கோடு. 'வரம்பைப்போல் ஐந்து மடங்கு' என்ற செய்தி, யாரோ விதியை மீறியிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம். அங்கிருப்பவர்களுக்கு நோய் வரும் என்பதற்கு அது மட்டுமே ஆதாரம் ஆகாது.

செல்லுக்குள் நடப்பது

கதிர் செல்லைக் கடக்கும்போது நேராக டி.என்.ஏ. இழையில் மோதலாம். அதைவிட அதிகம் நடப்பது வேறு: செல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், கதிர் தண்ணீர் மூலக்கூறை உடைத்து, வெறிபிடித்த துண்டுகளை உண்டாக்கும். அந்தத் துண்டுகள் போய் டி.என்.ஏ.வைக் கடிக்கும். ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்து செல் சரிசெய்துவிடும். இது நாள் முழுக்க நடக்கும் வேலை. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். பார்த்து எழுத நகல் இல்லாமல் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு மூன்று வழி. சரியாக ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. ஒட்ட முடியாவிட்டால் செல் சாகும். தப்பாக ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டால், அந்தப் பிழை பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். கதிர்வீச்சின் உடனடிப் பாதிப்பு எல்லாம் இரண்டாவது வழி. தாமதமாக வரும் பாதிப்பில் பெரும்பகுதி மூன்றாவது. இரண்டின் கணக்கும் முற்றிலும் வேறு.

உடனடிப் பாதிப்பு: ஒரு தொட்டியும் மூன்று பேரும்

ஓயாமல் பிரிந்து பெருகும் செல்கள்தான் கதிருக்கு முதலில் விழும். எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடியின் வேர் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. அதனால்தான் அறிகுறிகளும் ரத்தம், வயிறு, முடி என்று வருகின்றன.

1999 செப்டம்பர் 30, ஜப்பானின் தோக்கைமுரா. ஓர் எரிபொருள் ஆலையில் தொழிலாளர்கள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று யுரேனியக் கரைசலை எஃகு வாளியில் எடுத்து ஒரு தொட்டிக்குள் ஊற்றினார்கள். அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு சேர்ந்ததும் ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் சங்கிலி வினை தொட்டிக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. நீல ஒளி ஒன்று மின்னியது. தொட்டியோடு ஒட்டி நின்றவருக்கு 16 முதல் 20 கிரேக்குச் சமமான அளவு. ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு 6 முதல் 10. சற்றுத் தள்ளி, சுவருக்கு அப்பால் மேஜையில் இருந்தவருக்கு 1 முதல் 4.5. முதலாமவர் 83 நாளில் இறந்தார், இரண்டாமவர் 211 நாளில். மூன்றாமவர் பிழைத்தார். ஒரே கட்டடம், ஒரே கணம். சில மீட்டர் தூரமும் ஒரு சுவரும்தான் வித்தியாசம்.

முதலாமவர் மருத்துவமனைக்கு வந்தபோது பேசும் நிலையில்தான் இருந்தார். இதுதான் இந்த நோயின் கொடூரமான பகுதி. முதல் சில மணி நேரம் வாந்தி, அப்புறம் ஓர் இடைவெளி. ஆள் தேறிவிட்டது போலவே தெரியும். இருக்கும் செல்கள் இன்னும் வேலை செய்கின்றன. அவை தேய்ந்துபோனால் அந்த இடத்துக்கு வரப் புதுசு உற்பத்தியாகவில்லை என்பதுதான் விஷயம். இவருடைய குரோமோசோம்கள் உடைந்து சிதறிப்போயிருந்தன. சகோதரியிடமிருந்து ரத்த மூலச் செல்களை எடுத்துச் செலுத்தினார்கள். ஆனால் உரியும் தோலையும் அழியும் குடல்சுவரையும் காப்பாற்ற முடியவில்லை.

உடனடிப் பாதிப்புக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அதற்குக் கீழே அது வரவே வராது. அதைத் தாண்டினால் அளவு கூடக் கூடத் தீவிரமும் கூடும். இந்த இடத்தில் ஒரு கேள்வி நியாயமாக எழும்: 4 கிரே கொல்லும் என்றால் புற்றுநோய்ச் சிகிச்சையில் 50, 60 கிரே கொடுக்கிறார்களே? அது உடல் முழுக்க அல்ல, கட்டி இருக்கும் சிறு பகுதிக்கு. அதுவும் நாளுக்குச் சுமார் 2 கிரே என்று வாரக்கணக்கில் பிரித்து, நல்ல செல்கள் இடையில் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் விட்டு. கதிர்வீச்சில் எவ்வளவு என்பதோடு எங்கே, எத்தனை நாளில் என்பதையும் கேட்காமல் இருக்க முடியாது.

தாமதப் பாதிப்பு: புற்றுநோய்க் கணக்கு

இங்கே வாசல் என்று ஒன்றைத் திட்டவட்டமாகக் காட்ட முடியவில்லை. அளவு கூடினால் நோயின் தீவிரம் கூடாது. வரும் வாய்ப்பு கூடும். குறைந்த அளவில் வந்த புற்றுநோயும் அதே புற்றுநோய்தான்.

இதைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஹிரோஷிமா, நாகசாகி மக்களிடமிருந்து வந்தது. குண்டிலிருந்து தப்பியவர்களும் அப்போது ஊரில் இல்லாதவர்களுமாக சுமார் 1,20,000 பேரை 1950 முதல் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். குண்டு விழுந்தபோது ஒவ்வொருவரும் எங்கே நின்றார், இடையே சுவர் இருந்ததா என்று கேட்டுக் கேட்டு அளவைக் கணித்தார்கள். ரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டியது, குறிப்பாகக் குழந்தைகளிடம். நுரையீரல், மார்பகம், வயிறு போன்ற உறுப்புகளின் புற்றுநோய்கள் பத்தாண்டுக்குப் பிறகு தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தன.

அந்தத் தரவிலிருந்து வந்த தோராயக் கணக்கு: 1 சீவர்ட்டுக்குப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடும். இதையே நேர்கோட்டில் கீழே இழுத்தால், 10 மில்லிசீவர்ட் சி.டி. ஸ்கேனுக்கு 2,000 பேரில் ஒருவர். தலையில் அடிபட்டு ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும்போது அது பொருட்டே இல்லை. தேவையில்லாமல் ஆண்டுதோறும் 'எதற்கும் ஒரு ஸ்கேன்' எடுப்பவருக்கு, அதுவும் குழந்தைக்கு என்றால், அது யோசிக்க வேண்டிய எண்.

அப்படி நேர்கோட்டில் இழுப்பது சரியா என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் சண்டை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்துறைத் தொழிலாளர்கள் 3 லட்சம் பேரை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கதிருக்கும் ஆபத்து இருக்கிறது என்ற பக்கம் சாய்கிறது. தோரியம் கலந்த மணல் இருக்கும் கேரளக் கடற்கரையில் இயற்கைக் கதிர் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு. அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களிடம் நடந்த ஆய்வில் புற்றுநோய் அதிகமாகத் தெரியவில்லை. எது முடிந்த முடிவு என்று சொல்வதற்கில்லை. விதி வகுப்பவர்கள் நேர்கோட்டை எடுத்துக்கொள்வது முன்ஜாக்கிரதைக்காக. ஆனால் அதே கோட்டை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான பேருக்குக் கிடைத்த அற்ப அளவுகளைப் பெருக்கி 'இத்தனை ஆயிரம் பேர் சாவார்கள்' என்று தலைப்புப் போடுவது அந்தக் கணக்கைத் தவறாகப் பயன்படுத்துவது.

உள்ளே போய்த் தங்குபவை

உடலுக்கு வேதியியல்தான் தெரியும், கதிரியக்கம் தெரியாது. ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைக்கும். 1917 வாக்கில் அமெரிக்காவில் இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடிய வண்ணம் பூசிய இளம்பெண்கள், தூரிகை நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து ஈரப்படுத்தினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்துப்போனது.

அயோடின்-131 தைராய்டுக்குப் போகும். 1986இல் செர்னோபிலுக்குப் பிறகு அது புல்லில் படிந்து, பசுவுக்குப் போய், பால் வழியாகக் குழந்தைகளின் கழுத்தில் சேர்ந்தது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைந்துபோக ஆகும் காலம், 8 நாள்தான். சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். பல இடங்களில் உடனே நிறுத்தவில்லை. 2005க்குள், அப்போது சிறுவர்களாக இருந்தவர்களிடம் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அதில் கணிசமான பங்கு இந்தப் பாலால் வந்தது. குணப்படுத்தக்கூடிய நோய் என்பதால் இறப்பு 15. அதே நாட்களில் போலந்து சுமார் 1 கோடிக் குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் மருந்து கொடுத்தது. தைராய்டு ஏற்கெனவே நிறைந்திருந்தால் புதிதாக வருவதற்கு இடமிருக்காது என்பதுதான் சூட்சுமம். இந்த மாத்திரை முன்கூட்டியோ சில மணி நேரத்துக்குள்ளோ எடுத்தால்தான் பயன். தைராய்டைத் தவிர வேறு எதையும் அது காப்பாற்றாது. சீசியம் வந்தால் அதற்கு வேறு மருந்து, பிரஷ்யன் நீலம்.

கர்ப்பமும் அடுத்த தலைமுறையும்

கருவில் 8 முதல் 15 வாரம் வரை மூளை உருவாகும் காலம், ஆபத்து அதிகம். ஹிரோஷிமாவில் அந்தப் பருவத்தில் அதிகக் கதிர் பட்ட சில குழந்தைகள் சிறிய தலையோடும் அறிவு வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள். ஆனால் 100 மில்லிகிரேக்குக் கீழ் இப்படி நேர்வதாகக் காட்டச் சான்று இல்லை. சாதாரணமாக எடுக்கும் எக்ஸ்-ரேக்கள் அதற்கு வெகு கீழே.

குண்டுக்குப் பிறகு கருத்தரித்துப் பிறந்த பிள்ளைகள் வேறு. அப்படிப் பிறந்த சுமார் 77,000 பேரைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். பிறவிக் குறைகளோ மரபு நோய்களோ கூடியதாகக் கண்டறியப்படவில்லை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும், ஏனென்றால் சினிமா சொல்லிக்கொடுத்தது நேர் எதிர்.

கதிர் படாமலேயே வந்த பாதிப்பு

அந்த ஆய்வு முடிவு தெரிவதற்கு முன்பே, தெரிந்த பிறகும்கூட, ஜப்பானில் குண்டிலிருந்து தப்பியவர்களுக்குப் பெண் கொடுக்க, பெண் எடுக்கத் தயங்கினார்கள். பலர் தாங்கள் எந்த ஊர் என்பதையே மறைத்து வாழ்ந்தார்கள்.

2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி ஜப்பானின் புகுஷிமா அணு உலையில் நடந்த விபத்து இதன் இன்னொரு பக்கம். அந்த உலையிலிருந்து வந்த கதிர்வீச்சால் பொதுமக்களிடம் நேரடியான உடல்நலப் பாதிப்பு எதுவும் ஆவணப்படவில்லை என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு தன் மதிப்பீட்டில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த மாகாணத்தில் 'பேரிடர் தொடர்பான இறப்பு' என்று அரசு ஏற்றுக்கொண்டவை 2,300க்கும் மேல். இடம்பெயர்ந்த அலைச்சல், மருத்துவம் தடைபட்டது, மனமுடைந்தது எல்லாம் இதில் அடங்கும். அங்கே நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் நேரடியாக இறந்தவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். படுத்த படுக்கையாக இருந்த முதிய நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிப் பல மணி நேரம் கொண்டுபோனதில், போகும் வழியிலேயே சிலர் இறந்தார்கள். காலி செய்ததே தவறு என்பதல்ல இதன் பொருள். யாரை, எப்போது, எப்படி நகர்த்துவது என்பதற்கும் ஒரு ஆபத்துக் கணக்கு உண்டு. அன்று அதை யாரும் போடவில்லை.

இன்னும் தூரத்தில் நடந்தது ஒன்று. செர்னோபில் விபத்தை அடுத்த வாரங்களில் கிரீஸில் மருத்துவர்களே பலர் குழம்பிப்போய், கர்ப்பிணிகளுக்குக் கருவைக் கலைத்துவிடுவது நல்லது என்றார்கள். அடுத்த ஆண்டு பிறப்புப் பதிவுகளில் விழுந்த பள்ளத்தைப் பார்த்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டதில், பெற்றுக்கொள்ள விரும்பியிருந்த சுமார் 2,500 கருக்கள் அப்படிக் கலைக்கப்பட்டிருந்தன. கிரீஸில் ஒருவருக்கு அந்த ஓராண்டில் செர்னோபிலால் கிடைத்த அளவு, சராசரியாக 1 மில்லிசீவர்ட்டுக்குள்.